ரேப்பிட் ப்ரோட்டோடைப்பிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,
பாலிடெக்னிக் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரேப்பிட் ப்ரோட்டோடைப்பிங் (கணினியில் வரைந்ததைச் சீக்கிரமே கையில் பிடிக்கும் முன்மாதிரியாக எடுப்பது), ஸ்லைசிங் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். பாடம் இதுதான்: கேட் (CAD) என்னும் கணினி வரைவு மென்பொருளில் வரைந்த உருவம் எஸ்டிஎல் கோப்பாகும்போது அதன் மேற்பரப்பு முழுக்க முக்கோணங்களாகிவிடும். அதை ஸ்லைசர் என்ற மென்பொருள் கிடைமட்டமாகப் பிரிக்கும், அதுதான் ஸ்லைசிங். 20 மி.மீ. உயரப் பற்சக்கரம் என்றால், 0.2 மி.மீ. வீதம் 100 அடுக்கு. 3டி பிரிண்டர் இயந்திரம் பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக ஏற்றும். நான் வைத்திருப்பவை: விரைமாதிரி, சீவல்.

> விரைமாதிரி

வினைத்தொகை, இலக்கணப்படி பழுதில்லை. ஆனால் 'விரை'க்கு இன்னொரு பொருளும் உண்டு. பையன்கள் நிறைந்த வகுப்பில் சொல்லிப் பாருங்கள். 'வனைதல்' இருக்க ஏன் இந்தப் பாடு? புறநானூறு 256இல் 'அகலிதாக வனைமோ' (அகலமாக வனைந்து கொடு) என்று ஒரு பெண் குயவரிடம் கேட்கிறாள். வனைமாதிரி, வனைபொறி, வனைஞர் என்று கிளைத்துக்கொண்டே போகும்.

> வனைமாதிரி

ஐயா, அவள் கேட்பது இறந்தவரைப் புதைக்கும் ஈமத்தாழி! அதை விடுங்கள். சிஎன்சியில் (கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரத்தில்) அலுமினியக் கட்டியைக் குடைந்தும் முன்மாதிரி எடுக்கிறோம். அங்கே எதை வனைவது? 1984இல் அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையில் புற ஊதா ஒளி பட்டுத் திரவப் பிசின் இறுகும். அதுவும் வேறு கதை. செய்முறையை வைத்துப் பெயரிட்டால் ஏதாவது ஒன்று வெளியே நிற்கும். 'விரைவு முன்மாதிரியாக்கம்' நீளம்தான், ஆனால் புரியும்.

> விரைவு

உள்ளங்கை அளவுப் பாகத்துக்கே மணிக்கணக்கில் ஆகிறது. மோல்டு செய்யக் காத்திருக்கும் வாரங்களோடு பார்த்தால்தான் விரைவு, அடிக்குறிப்பில் போடுங்கள். 'சீவல்' வேண்டாம், எங்கள் ஊரில் கூடவே வெற்றிலையும் வந்துவிடும். ஸ்லைசர் எதையும் சீவுவதில்லை. ஒவ்வோர் உயரத்திலும் குறுக்குவெட்டின் விளிம்பைக் கணக்கிடுகிறது. 'அடுக்குப்பிரிப்பு' எனலாம்.

'மாதிரி' தமிழ்ச்சொல்தானா என்று யாருமே கேட்கவில்லையே?

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், புண்ணியமாகப் போகும்.

சரி. பெரும்பான்மைப்படி விரைவு முன்மாதிரியாக்கம், அடுக்குப்பிரிப்பு. நாளை காலை அனுப்புகிறேன்.

> பெரும்பான்மைப்படி

களைத்துப்போனவர்களின் பெரும்பான்மை. என் வாக்கு இப்போதும் வனைதலுக்கே. நீங்கள் என்ன அச்சடித்தாலும் மாணவர்கள் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஆர்பி என்றுதான் சொல்லப்போகிறார்கள். அப்புறம், அந்தரத்தில் நீளும் பகுதிக்கு அடியில் இயந்திரமே எழுப்பும் சப்போர்ட்டுக்கு என்ன போட்டீர்கள்? 'தாங்கி' என்றால் பேரிங் ஆகிவிடும். கொத்தனார் சொல்லும் 'முட்டு' போதும்.