பையனுக்குக் கிரேடு டி: கற்றல் குறைபாடா என்று தமிழிலேயே சோதிக்க ஆள் வேண்டும்

நாங்கள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகனுக்கு 14 வயது, தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டில் கணக்குக்கு டி, அதாவது நூற்றுக்கு 20-லிருந்து 29-க்குள். சமூக அறிவியலுக்கு டி ப்ளஸ். "புத்தி கொஞ்சம் மந்தம்" என்று டியூஷன் சார் சொல்லிவிட்டார்.

எனக்கு அதுதான் ஒப்பவில்லை. பால் சொசைட்டியில் ஆறரை லிட்டருக்கு எவ்வளவு வரும் என்று கேட்டால், அங்கே பில் வருவதற்குள் பைசா சுத்தமாகச் சொல்வான். அதே கணக்கைத் தாளில் போட்டால் 36 என்பது 63 ஆகிவிடும். பாடத்தைக் கதை மாதிரி அரை மணி நேரம் சொல்வான். எழுதினால் இரண்டு வரி, அதிலும் பாதி எழுத்துக்குக் கொம்பு இருக்காது. மூன்றாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான்.

கண் பரிசோதனை செய்தாயிற்று, பார்வை சரி. இரண்டு டியூஷன் மாற்றினோம். தினமும் கையெழுத்துப் பயிற்சி ஆறு மாதம். அப்புறம் பாலக்காட்டில் ஒரு இடத்தில் சோதித்தார்கள், எல்லாம் மலையாளத்தில். அவனுக்குப் பாதிக் கேள்வி புரியவே இல்லை. அதை வைத்து என்ன முடிவு சொல்ல முடியும்?

1905-இல் பிரான்ஸில் பினே என்ற உளவியலாளர் முதல் அறிவுச் சோதனையை உண்டாக்கியதே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். இங்கே முத்திரை குத்தத்தான் நேரம் இருக்கிறது.

அடுத்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் கூடுதல் நேரமோ, எழுத ஆளோ கேட்கலாம்.

பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ இந்தச் சோதனையைத் தமிழிலேயே செய்து, கேரளத் தேர்வுக்குச் செல்லும்படி சான்று தருகிற இடம் எது?