அடிலெய்டு தென்கரை: கடலும் வேண்டும், வாடகையும் கட்ட வேண்டும்

தூத்துக்குடிக்காரி:

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குக் குடும்பத்தோடு வருகிறோம், கடல் பக்கத்தில் வாடகை குறைவாக எந்த ஏரியா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். இங்கே பல வருஷமாக இருப்பவர்கள் விட்டதைச் சேருங்கள்.

நாங்கள் வந்தது 2022 ஜூலையில், 491 விசாவில். பெருநகரங்களுக்கு வெளியே குடியேறுகிறவர்களுக்கான தற்காலிக விசா அது, புள்ளிக் கணக்கில் அழைப்பார்கள். தெற்கு ஆஸ்திரேலிய மாநில நாமினேஷனுக்குக் கிடைத்த 15 புள்ளியால்தான் கணவருக்கு அழைப்பே வந்தது. அந்த விசாவில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றிலும் குடியிருக்க முடியாது. அடிலெய்டில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மேப்பில் பார்த்தால் ஊரின் மேற்கு முழுக்கக் கடல். நான் ரோச் பூங்காப் பக்கம் மாலைக் காற்று வாங்கி வளர்ந்தவள். பிள்ளைகளுக்கு வேறு எது இல்லாவிட்டாலும் உப்புக்காற்றாவது கிடைக்கட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் போய்ப் பார்த்தது கிளெனெல்க். நகரத்திலிருந்து டிராம் நேராகக் கடல் வரைக்கும் போகும், பார்த்தவுடன் பிடித்துவிடும். வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஹென்லி பீச், பிரைட்டன் எல்லாம் அப்படித்தான். கணவரோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர்தான், "ரயில் மேப்பை எடு, பிரைட்டனில் விரலை வை, அப்படியே தெற்கே இறங்கு" என்றார். ஹாலட் கோவ், லான்ஸ்டேல், கிறிஸ்டி டவுன்ஸ், நோர்லங்கா சென்டர், கடைசியில் சீஃபோர்ட். 2014-க்கு முன்பு ரயில் நோர்லங்காவோடு நின்றுவிடுமாம்.

கடல் அதே கடல்தான், பிறகு ஏன் இங்கே மட்டும் வாடகை குறைவு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வீடு எடுக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். எங்களுக்குப் பதில் சொன்னவர் எதிர்வீட்டுத் தாத்தா. லான்ஸ்டேலில் இருந்த மிட்சுபிஷி எஞ்சின் ஆலையில் வேலை பார்த்தவர். பக்கத்தில் போர்ட் ஸ்டான்வாக் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2003-ல் நின்றது, அவருடைய ஆலை 2005-ல், டான்ஸ்லியில் கார் ஆலை 2008-ல். ஆலைகளை நம்பி வீடு கட்டி வந்த குடும்பங்கள் ஒரே பத்து வருஷத்துக்குள் கைவிடப்பட்டன. ஏரியாவுக்குக் கெட்ட பெயர் அப்போது ஒட்டியது, இன்னும் முழுசாகப் போகவில்லை. "அங்கேயா போகிறீர்கள்?" என்று எங்களையும் நாலு பேர் கேட்டார்கள். எங்கள் தெருவில் மூன்று வருஷத்தில் எனக்கு ஒரு கசப்பும் இல்லை. பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்தது அந்தத் தாத்தாவும் பாட்டியும்தான்.

வீடு கிடைத்த கதைதான் பெரிய கதை. சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் என்று கால் மணி நேரம் கதவைத் திறந்துவைப்பார்கள், வாசலில் முப்பது பேர் நிற்பார்கள். எங்களுக்கு இந்த நாட்டில் வாடகைக்கு இருந்த சரித்திரமே கிடையாது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். பதினோரு வீடு போனது. ஓர் ஏஜென்ட், "வாரத்துக்கு முப்பது டாலர் கூட்டிப் போட்டால் ஓனரிடம் பேசுகிறேன்" என்று போனில் சொன்னார். 2023 செப்டம்பருக்குப் பிறகு அப்படிக் கேட்பது இந்த மாநிலத்தில் சட்டப்படி தவறு, இப்போது வருகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வார வாடகை 800 டாலர் வரைக்கும் பாண்ட் என்கிற முன்பணம் நாலு வார வாடகைக்கு மேல் கேட்கவும் முடியாது.

பன்னிரண்டாவது வீட்டுக்கு நாங்கள் வேறு மாதிரி செய்தோம். சென்னையில் ஆறு வருஷம் குடியிருந்த வீட்டு ஓனரம்மாவிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கினோம். மாதாமாதம் அவர் கணக்குக்கு வாடகை போன பேங்க் ஸ்டேட்மென்ட் முழுவதையும் கூடவே வைத்தோம். "இவர்கள் வீட்டைக் காலி செய்தபோது சுவரில் ஓர் ஆணி ஓட்டைகூட இல்லை" என்று அந்த அம்மா எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் கிறிஸ்டி டவுன்ஸ் வீட்டைக் கொடுத்தார்கள். வாரம் 410 டாலர். இன்று அதே தெருவில் 550-ஐத் தாண்டிவிட்டது.

கடல் ஜன்னலில் தெரியாது. சைக்கிளில் பத்து நிமிஷம். ரயில் நிலையம் நடந்து ஏழு நிமிஷம். நான் அடித்துச் சொல்வது இதுதான்: நடக்கிற தூரத்தில் ரயில் இருக்கட்டும், கடல் சைக்கிள் தூரத்தில் இருந்தால் போதும். வாரத்தில் ஐந்து நாள் காலையில் நீங்கள் போகப்போவது ரயிலுக்குத்தான்.

வல்வை அக்கா:

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. அந்த ரயில் சீஃபோர்ட் வரைக்கும் வராத காலத்தில நான் பட்ட பாட்டைச் சொல்லுறன், அப்பதான் விளங்கும்.

நாங்கள் 1998-ல இஞ்ச வந்தனாங்கள். வல்வெட்டித்துறைக் கடலோட வளர்ந்த ஆள் எண்டபடியால் போர்ட் நோர்லங்காதான் வேணும் எண்டு நிண்டனான். அவருக்கும் விருப்பம். எனக்கு நகரப்பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில இரவு வேலை. அப்ப சதர்ன் எக்ஸ்பிரஸ்வே திறந்து ஒரு வருசம்கூட ஆகேல்ல. அந்த வீதியை இப்ப வாற பிள்ளையளுக்குச் சொன்னால் நம்பமாட்டினம். ஒரு நேரத்தில ஒரு பக்கத்துக்கு மட்டுந்தான் வாகனம் ஓடும். காலையில எல்லாம் நகரத்துக்கு, பின்னேரம் எல்லாம் தெற்குக்கு. காசு மிச்சம் பிடிக்க அப்பிடிக் கட்டினவை.

நான் இரவு நகரத்துக்குப் போற ஆள், காலையில வீட்டை வாற ஆள். எனக்கு ரெண்டு நேரமும் வீதி எதிர்ப்பக்கம். பதினாறு வருசம் அந்த வீதியைப் பக்கத்தில பார்த்துக்கொண்டே சவுத் ரோட்டில சிக்னலுக்குச் சிக்னல் நிண்டு வந்தனான். ஒரு நாள் காலையில சிவப்பு லைற்றில நிண்ட இடத்திலேயே கண் அயர்ந்திட்டன். பின்னால நிண்ட லொறிக்காரர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டி எழுப்பினவர். கோபப்படேல்ல, "வீடு எவ்வளவு தூரம்?" எண்டு கேட்டுப்போட்டு என்ர காருக்குப் பின்னாலயே மெதுவா வந்தவர். 2014-லதான் ரெண்டு பக்கமும் ஓடுற மாதிரி ஆக்கினவை, அதே வருசம் சீஃபோர்ட் வரைக்கும் ரயிலும் வந்தது. அப்ப என்ர பிள்ளையள் படிச்சு முடிச்சிட்டினம்.

அதால நான் சொல்லுறது, வேலைக்குப் போற நேரத்திலேயே அந்தத் தூரத்தை ஒருக்கா ஓடிப் பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓடிப் பார்த்துப்போட்டு "நாப்பது நிமிசந்தான்" எண்டு வீடு எடுத்த ஆக்களை எனக்குத் தெரியும்.

இன்னொண்டும் சொல்ல வேணும். இந்தக் கடலைப் பார்த்தால் குளம் மாதிரி இருக்கும். வளைகுடா, பெரிய அலை இல்லை, ஜெட்டிப் பாலத்துக்கு முன்னால கடலுக்குள்ள பாறைத்தொடர் வேற. ஆனால் ஒங்கபரிங்கா ஆறு கடலில கலக்கிற சவுத்போர்ட் பக்கம் அப்பிடி இல்லை. வத்தம் இறங்கேக்க ஆத்துத் தண்ணி இழுத்துக்கொண்டு போகும். லண்டனில இருந்து வந்த என்ர அக்காவின்ர மகன், பதினாலு வயசு, காத்தடிச்ச மெத்தையில படுத்திருந்தவன், நான் தேத்தண்ணி ஊத்திப்போட்டு நிமிர்ந்து பார்க்கேக்க தலை மட்டும் ஒரு புள்ளியா தெரியுது. உயிர்காக்கிற பிள்ளையள் பலகையோட போய்க் கூட்டிக்கொண்டு வந்தவை. அந்தப் பத்து நிமிசத்தை இப்ப நினைச்சாலும் கை நடுங்கும். சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவில மட்டும் குளியுங்கோ. ஜனவரியில பிள்ளையளுக்கு வாக்ஸ்விம் எண்டு நீச்சல் வகுப்பு நடக்கும், வந்த முதல் வருசமே சேர்த்துவிடுங்கோ. கடல் பக்கம் வீடு எடுக்கிறதெண்டால் முதல் செலவு அதுதான்.

லார்க்ஸ் பே வாசி:

நான் வடமேற்குப் பக்கம். செமஃபோர், லார்க்ஸ் பே, டேப்பரூ. அவுட்டர் ஹார்பர் ரயில் இருக்கு, வெள்ளை மணல் நீளமா இருக்கும். வீடு வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும்: சுவரைத் தொட்டுப் பாருங்க.

இங்கே நூறு வருஷம் தாண்டின கல் வீடுகள் நிறைய. பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். அடியில் ஈரம் ஏறாம தடுக்கிற அடுக்கு பழைய வீடுகளில் சரியா இருக்காது. தரையில் இருக்கிற உப்புத் தண்ணி சுவரில் ஏறி, காய்ஞ்சு, உப்புப் பூத்து, பூச்சு பொரிப்பொரியா உதிரும். நம்ம ஊரில் ஓதம் அடிச்ச சுவர்னு சொல்வோமே, அதேதான். அடிலெய்டு முழுக்க இருக்கு, கடல் பக்கம் வீடு பார்க்கிறவங்க ரெண்டு மடங்கு கவனமா இருக்கணும். நாங்க பார்த்த வீட்டில் ஹால் முழுக்கப் புதுப் பெயின்ட், முட்டிக்குக் கீழே மட்டும் புது மரப்பலகை அடிச்சிருந்தாங்க. என் மனைவி குனிஞ்சு பலகை ஓரத்தில் விரலை விட்டாங்க. வெளியே எடுத்தா நகத்தில் வெள்ளை மாவு. கட்டட ஆய்வாளரைக் கூட்டிட்டுப் போனோம், சுவரை அறுத்துச் சரிசெய்யணும்னார். அந்த வீட்டை விட்டுட்டோம். பூர்வீக வீட்டில் ஓதத்தோடயே வளர்ந்தவங்க, அவங்க கண்ணுக்கு அது தப்பலை.

டேப்பரூ ஒரு காலத்தில் அரசு வீட்டுவசதித் திட்ட வீடுகள் நிறைஞ்ச இடம், மலிவு. பக்கத்து ஆஸ்போர்னில்தான் அணுசக்தி நீர்மூழ்கி கட்டப்போறாங்கன்னு 2023 மார்ச்சில் அறிவிச்சாங்க. இனி அங்கே மலிவை எதிர்பார்க்காதீங்க.

ஆல்டிங்கா குடும்பம்:

நாங்கள் சீஃபோர்டுக்கும் தெற்கே, ஆல்டிங்கா பீச்சில். புது வீடு, பெரிய மனை, காரோடு மணலில் இறங்கலாம். 2022-ல் திறந்த ஆல்டிங்கா பாயிந்தி கல்லூரியில் மழலையர் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே வளாகம். பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ரயில் மட்டும் இல்லை. சீஃபோர்ட் வரைக்கும் பஸ்ஸோ காரோ. ஒரு கார் போதும் என்று கணக்குப் போட்டு வந்தோம், நாலாவது மாதம் இரண்டாவது கார் வாங்கினோம். வாடகையில் மிச்சம் பிடித்தது அதன் பெட்ரோலுக்கும் இன்சூரன்சுக்கும் போகிறது.

மாமனார், மாமியாரைக் கூட்டிக்கொண்டு மாஸ்லின் பீச் போகிறவர்கள் வடக்கு வாசலிலேயே உட்காருங்கள். தென்பகுதி 1975-லிருந்து ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்குச் சட்டப்படி ஒதுக்கப்பட்டது, பலகையும் வைத்திருக்கிறார்கள். எங்கள் மாமியார் பலகையைப் படிக்காமல் நடந்துவிட்டார். திரும்பி வந்து, "அவங்க யாரும் நம்மைப் பார்க்கலை, நாமும் பார்க்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புளிசாதத்தை எடுத்துப் பரிமாறினார்.

தூத்துக்குடிக்காரி:

அக்கா, உங்கள் சவுத் ரோடு கதையைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இனி ரயில் ஐந்து நிமிஷம் தாமதம் என்று சலித்துக்கொள்ள மாட்டேன் என்றார்.

தனிச்செய்தியில் ஒருவர் பாசி விவகாரத்தைக் கேட்டிருக்கிறார். சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது.

2025 மார்ச்சில் விக்டர் ஹார்பர் பக்கம் வெயிட்பிங்கா, பார்சன்ஸ் கடற்கரைகளில் அலைச்சறுக்கு போனவர்களுக்கு இருமல், கண் எரிச்சல். கரையெல்லாம் மஞ்சள் நுரை. கரீனியா இனத்து நுண்பாசி பெருகியிருந்தது. 2024 செப்டம்பரிலிருந்தே கடல் வழக்கத்தைவிட இரண்டரை டிகிரி வரை சூடாக இருந்ததும், முர்ரே ஆற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய சத்துகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மழைக்காலத்தில் எங்கள் பக்கமும் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளோடு கிறிஸ்டீஸ் பீச்சுக்குப் போனேன். திருக்கை, கணவாய், பெயர் தெரியாத சின்ன மீன்கள், வரிசையாகக் கிடந்தன. இலை இலையாக உடம்பு முளைத்த கடல் டிராகன் ஒன்று, கையளவு நீளம், இந்த மாநிலத்தின் கடல் சின்னமான பிராணி, மணலில் காய்ந்து ஒட்டியிருந்தது. மகள் அதைக் கிளிஞ்சலால் மூடினாள். எனக்குத் தொண்டை கரகரத்தது, காற்றாலா அழுகையாலா என்று தெரியவில்லை. சின்னவனுக்கு வீசிங் உண்டு, அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க நுரை தெரிந்த நாளில் கடல் பக்கம் போகவில்லை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் கடலை ஒட்டிய முதல் தெரு வேண்டாம், இரண்டு கிலோமீட்டர் உள்ளே எடுங்கள்.

அதற்கு முந்தைய கோடையில் இதே கடலில்தான் நாங்கள் நண்டு பிடித்தோம். நம் ஊர் நீலக்கால் நண்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம், நிறம்கூட மாறவில்லை. ஓடு 11 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடலிலேயே விட வேண்டும், சினை நண்டையும் விட வேண்டும். அளக்கிற பிளாஸ்டிக் அச்சை மகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜெட்டிப் பாலத்தில் நிற்பாள், அவள் தலையாட்டினால்தான் நண்டு வாளிக்குள் வரும். அம்மா வீடியோ காலில் மசாலாவுக்குப் பதம் சொல்வாள். கோடைக்கு முன்னால் அப்போதைய விதி என்ன என்று அரசுத் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் வலையை எடுப்போம்.

வரப்போகிற மூன்று குடும்பத்துக்கும்: பிடித்த வீட்டின் தெருப்பெயரை அனுப்புங்கள். ஸ்டேஷனிலிருந்து அந்த வாசல் வரை குழந்தைத் தள்ளுவண்டியோடு நடந்து பார்த்து நேரம் சொல்கிறேன். எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்றும் பார்த்துவிடலாம், தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்று இருக்கும். ஓக்லண்ட்ஸ் பார்க் பிள்ளையார் கோயில் நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. வந்து இறங்கிய வாரம் அங்கே வாருங்கள், இரண்டு குக்கரும் ஒரு குழந்தைக் கட்டிலும் எடுத்து வைத்திருக்கிறேன்.