குன்னூர்க் குளிருக்கு நலங்கு மாவும் சீதளியும் ஒத்துவருமா?

வணக்கம். மதுரையிலிருந்து அம்மா எங்களோடு தங்குவதற்குக் குன்னூர் வந்திருக்கிறார். மதுரையில் வெயிலுக்கு இதமாகச் சீதளி பிராணாயாமம் (நாக்கைக் குழல்போல் மடித்து அதன் வழியே மூச்சை இழுக்கும் பயிற்சி) செய்வார். பாசிப்பயறு, ஆவாரம்பூ, வெட்டிவேர் சேர்த்து அரைத்த நலங்கு மாவு தேய்த்துத்தான் குளிப்பார். இந்த மார்கழிக் குளிரில் அதே மாவு தோலில் இருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்தாற்போல் வெள்ளைக் கோடுகள், குதிகாலில் வெடிப்பு. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

மாவைப் பாலாடையில் குழைக்கலாமா? குளிப்பதற்கு முன் நல்லெண்ணெய் தடவி எவ்வளவு நேரம் ஊறலாம்? சீதளி உடலைக் குளிர்விக்கும் என்பதால் இப்போதைக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதில் நாடிசுத்தி (இரு நாசிகளிலும் மாறி மாறி மூச்சுவிடும் பயிற்சி) போதுமா? காலையில் மூட்டுகள் விறைத்திருக்கின்றன; சூரிய நமஸ்காரத்துக்கு முன் என்ன தளர்வுப் பயிற்சி செய்யலாம்?

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. கடை க்ரீம் எதையும் தொடமாட்டார். மலைப்பகுதியில் வசிப்பவர்களும் யோகா கற்பிப்பவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.