ஆறு கோச்சிங் செஷன் கிடைத்திருக்கிறது, எப்படிப் பயன்படுத்துவது?

புது_லீட்:
புதிதாக டீம் லீட் ஆனவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு கோச்சை அமர்த்தி, ஆளுக்கு ஆறு செஷன் தருகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. என் படிவத்தில் மேனேஜர் எழுதியது ஒரே வரி: "கம்யூனிகேஷன், டெலிகேஷன் (வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது) இரண்டும் மேம்பட வேண்டும்." இது ட்ரெய்னிங்கும் இல்லை, மென்டரிங்கும் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் வேறு என்ன? முதல் செஷனுக்கு எதைத் தயார் செய்துகொண்டு போவது? அங்கே பேசுவது மேனேஜர் காதுக்குப் போகுமா?

அச்சாணி:
கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தீராமல் கோச் முன்னால் யாரும் மனம் திறந்து பேசப்போவதில்லை.

பணம் கட்டுவது நிறுவனம், உட்காருவது நீங்கள். அதனால் முதல் செஷனுக்கு முன்பே கோச், மேனேஜர், நீங்கள் மூவரும் அரை மணி நேரம் சேர்ந்து பேச வேண்டும். மேனேஜர் என்ன மாற்றம் எதிர்பார்க்கிறார், அது வந்துவிட்டதை எதை வைத்துச் சொல்வார், எந்தத் தகவல் வெளியே போகும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாக வேண்டும். வழக்கமாக எச்.ஆருக்குப் போவது எத்தனை செஷன் நடந்தது என்பதும், ஒப்புக்கொண்ட இலக்கும்தான். உள்ளே பேசியது போகாது. முன்னேற்றத்தை மேனேஜரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள், கோச் அல்ல. சட்டமீறல், யாருடைய உயிருக்காவது ஆபத்து போன்றவை விதிவிலக்கு. அதையும் கோச் முதலிலேயே சொல்லிவிடுவார். சொல்லவில்லையென்றால் கேளுங்கள்.

அடுத்து வேறுபாடு. ட்ரெய்னிங்கில் எல்லாருக்கும் ஒரே பாடம். மென்டார் நீங்கள் போகும் பாதையில் முன்பே நடந்தவர், தான் கண்டதைச் சொல்லித் தருவார். கோச்சுக்கு உங்கள் தொழிலே தெரியாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. எளிய சோதனை ஒன்று: ஒரு வேலை செய்யத் தெரியவில்லை என்றால் ட்ரெய்னிங். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் அந்த நேரத்தில் கை போகவில்லை என்றால், அதுதான் கோச்சிங்குக்கான இடம். டெலிகேஷன் பெரும்பாலும் இரண்டாவது வகை.

தாள்_பேனா:
"கம்யூனிகேஷன்" என்பது இலக்கே அல்ல, ஒரு துறையின் பெயர். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் ஆறு செஷனும் பேச்சிலேயே கரைந்துவிடும். நீங்கள் செய்வதை ஒருவர் வீடியோ எடுத்தால் அந்த மாற்றம் படத்தில் தெரியுமா? தெரிந்தால் அது இலக்கு. "தன்னம்பிக்கையோடு பேசுவது" தெரியாது. "வாராந்தரக் கூட்டத்தில் ஜூனியர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பது" தெரியும். ஆறு செஷனுக்கு இப்படி ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

பல கோச்சுகள் 'க்ரோ' (GROW) முறையில் போவார்கள். இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், செய்யப்போவது என நான்கு படி. 1980களில் இங்கிலாந்தில் உருவானது, கோச்சிங் முன்னோடி ஜான் விட்மோர் 1992-ல் எழுதிய நூலால் பரவியது. இதில் எல்லாரும் சறுக்குவது இரண்டாம் படியில். இலக்கைச் சொன்னதும் வழிகளுக்குத் தாவிவிடுகிறோம். ஆனால் நேரம் செலவழிக்க வேண்டியது இரண்டாம் படியில்தான். உதாரணமாக இப்படிப் போகும்:

— போன வாரம் ஜூனியரிடம் கொடுத்த எந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள்?
— வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கை.
— எப்போது?
— வியாழன் மாலை. வெள்ளி காலை அனுப்பியாக வேண்டும்.
— அவர் எழுதியதை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்?
— அதே வியாழன் மாலை.

ஆறு வரிதான். "எனக்கு யாரையும் நம்பி விட முடியவில்லை" என்று வந்தவரின் சிக்கல், பார்வையிடும் நாள் தள்ளிப்போனது என்று ஆகிவிட்டது. குணத்தை மாற்றுவது பெரும்பாடு, காலண்டரை மாற்ற இரண்டு நிமிடம். செவ்வாய்க்கிழமை பாதி வரைவோடு 15 நிமிடம் உட்கார்ந்தால் வியாழன் மாலை பதற்றம் வராது.

கடைசிப் படியில் "முயற்சி செய்கிறேன்" என்று எழுதாதீர்கள். "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று எழுதுங்கள். "அறிக்கையில் பிழை கண்டால் நானே திருத்த மாட்டேன், ஓரத்தில் கேள்வியாக எழுதித் திருப்பித் தருவேன்." சூழலையும் செயலையும் சேர்த்துக் கட்டும் இந்த வகைத் திட்டம் வெறும் உறுதியைவிட நன்றாக நிற்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின.

ஓரப்பார்வை:
மேல சொன்ன ரெண்டும் சரி. ஆனா வேலை நடக்கிறது செஷன்ல இல்ல, நடுவுல இருக்கிற பத்து வேலை நாள்லதான். எழுதி வச்சதைச் செஞ்சு பார்க்காம அடுத்த செஷனுக்குப் போனா, கோச்சும் நீங்களும் பழைய கதையையே திரும்பப் பேசிட்டு வருவீங்க. அந்தச் சம்பவம் நடந்த அன்னைக்கே மூணு வரி எழுதுங்க: என்ன நடந்தது, நான் என்ன செஞ்சேன், அடுத்த முறை என்ன. சொதப்பினதையும் எழுதுங்க, சொல்லப்போனா அதுதான் நல்ல சரக்கு.

முதல் செஷனுக்கு முன்னாடி கூட வேலை பார்க்கிற நாலஞ்சு பேர்கிட்ட கருத்துக் கேட்கலாம். "நான் எப்படி?"ன்னு கேட்காதீங்க. "ஜூனியருக்கு வேலை கொடுக்கிற விஷயத்துல அடுத்த மாசம் நான் வேற மாதிரி செய்ய வேண்டியது ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேளுங்க. காரணம் இருக்கு. க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1996-ல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தப்போ, மூணுல ஒண்ணுக்கு மேல ஃபீட்பேக் கொடுத்த பிறகு செயல்திறன் இறங்கித்தான் இருந்தது. கவனம் வேலையிலிருந்து 'நான்' பக்கம் திரும்பினா அப்படி ஆகும்கிறது அவங்க விளக்கம்.

கோச்சைப் பத்தி: சான்றிதழ் இருக்கான்னு பாருங்க. கோச்சுகளுக்குச் சான்றிதழ் தர்ற சர்வதேச அமைப்பான ஐ.சி.எஃப்.-ல மூணு படி: ஏ.சி.சி.க்கு 100 மணி நேரம், பி.சி.சி.க்கு 500, எம்.சி.சி.க்கு 2,500 மணி நேரம் கோச்சிங் செஞ்ச அனுபவம் கேட்பாங்க. ஆனா அதைவிட முதல் அரை மணி நேரம் முக்கியம். அவரே பாதி நேரம் பேசினா, உங்க வாக்கியம் முடியறதுக்குள்ள ஆலோசனை வந்து விழுந்தா, வேற ஆளைக் கேளுங்க. தப்பா நினைக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. வாரக்கணக்கா தூக்கம் இல்ல, எதுலயும் பிடிப்பு இல்லன்னா அது கோச்சிங்ல தீராது. டாக்டரையோ கவுன்சிலரையோ பாருங்க.

புது_லீட்:
நன்றி. மூவர் சந்திப்புக்கு நேரமில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் மேனேஜர். அப்போது?

அச்சாணி:
அடிக்கடி நடப்பதுதான். ஒரே மெயில் போடுங்கள், கோச்சுக்கும் நகல் வையுங்கள்:

"அடுத்த மூன்று மாதத்தில் அறிக்கைகளை நானே திருப்பி எழுதுவதை நிறுத்துவதை இலக்காக வைக்கிறேன். செவ்வாய்தோறும் பாதி வரைவைப் பார்ப்பேன். மாற்றம் தெரிகிறதா என்று மூன்றாவது செஷனுக்குப் பிறகு உங்களிடம் பத்து நிமிடம் கேட்பேன். செஷனில் பேசுவது எனக்கும் கோச்சுக்கும் இடையில் மட்டும் இருக்கும். மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்."

"சரி" என்று ஒரு சொல்லில் பதில் வந்தாலும் போதும், கோச் அதை வைத்தே தொடங்குவார். பதிலே வராவிட்டால் முதல் செஷனில் அதையே பேசுபொருளாக வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் இப்போதே மேனேஜரின் காலண்டரில் போட்டுவிடுங்கள், பிறகு கிடைக்காது.