தகரப் பெட்டிக்குள் ஏசியும் ஹீட்டரும்: நான் பட்டது, நீங்கள் பட்டது

பழைய 20 அடி கன்டெய்னர் ஒன்றை வேலை அறையாக மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. ராத்திரி வேலை நீண்டால் அங்கேயே படுத்துவிடுவேன். இந்த மாதிரி அறைக்கு எந்த ஏசி, எந்த ஹீட்டர் என்று பலரும் கேட்பதால் நான் பட்டதை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

நான் செய்த முதல் தப்பு, மெஷினை முதலில் வாங்கியது. உள்ளே இருப்பதே 14 சதுர மீட்டர். தகரம் ஆச்சே, கொதிக்குமே என்று பயந்து 2 டன் ஏசி மாட்டினேன். சுவருக்கும் கூரைக்கும் வெறும் ஒட்டுப்பலகை. பின்னால் ஒன்றும் நிரப்பவில்லை. மதியம் முழுக்க ஏசி ஓடும். நிறுத்திய பத்து நிமிடத்தில் அறை மறுபடி அடுப்பு.

குளிர்காலம் அதைவிட மோசம். ஒரு விடிகாலையில் முகத்தில் சொட்டு விழுந்து எழுந்தேன். வெளியே மழை இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கூரைப் பலகையில் திருகு இருந்த இடமெல்லாம் வரிசையாக ஒவ்வொரு சொட்டு தொங்குகிறது. பலகை காய்ந்திருக்கிறது, திருகின் தலை மட்டும் நனைந்திருக்கிறது. திருகுகள் நேராக இரும்பில் இறங்கியிருந்ததால் வெளிக்குளிர் அவற்றின் வழியே உள்ளே வந்திருக்கிறது. அறையில் 20 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வேர்க்கும்.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குற்றவாளி நான்தான். சிலிண்டரில் மாட்டும் கேஸ் ஹீட்டர், புகைபோக்கி இல்லாதது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. மூடிய பெட்டிக்குள் அதை எரியவிட்டுத் தூங்கியதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் பலகையெல்லாம் கழற்றிவிட்டு, தகரத்தின் மேலேயே 50 மி.மீ. பாலியூரித்தேன் ஃபோம் அடித்தோம். தரைக்கு அடியிலும்தான். நெளிவுகளுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்வதால் அறைக்காற்று தகரத்தைத் தொட வழியில்லை. மேலே ஜிப்சம் போர்டு. ஃபோமைத் திறந்தபடி விடாதீர்கள், தீப்பிடித்தால் நச்சுப் புகை.

கணக்கை நான் பிறகுதான் போட்டேன், நீங்கள் முதலிலேயே போடுங்கள். ஆறு பக்கமும் சேர்த்து சுமார் 74 சதுர மீட்டர். வெறும் தகரம் என்றால், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 5, 6 வாட் வெளியே போகும். வெளியே 2 டிகிரி, உள்ளே 22 என்றால் 8 கிலோவாட் கூடப் பற்றாது. ஃபோமுக்குப் பிறகு சதுர மீட்டருக்கு அரை வாட் கூட இல்லை. காற்றோட்டத்தில் போவதையும் சேர்த்து 1 கிலோவாட்டுக்குள் முடிகிறது.

அந்த 2 டன் ஏசியை ஃபோமுக்குப் பிறகும் ஒரு வாரம் ஓட்டினேன். மூன்று நிமிடத்தில் குளிர்ந்து நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. போர்வை சில்லென்றும் இருக்கும், பிசுபிசு என்றும் இருக்கும். இப்போது இருப்பது 1 டன் இன்வெர்ட்டர் ஹாட் அண்ட் கோல்டு ஏசி. கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையில் 1 டன்னே அதிகம்தான்.

———

அண்ணா, திருகு கதையைப் படித்ததும் என் கதவு ஞாபகம் வந்தது. என்னுடையது செல்போன் டவருக்கு அடியில் கருவிகளை வைத்திருந்த ஷெல்டர், அதாவது சின்ன அறை. இரண்டு பக்கம் உலோகத் தகடு, நடுவே ஃபோம் வைத்த பேனல், அதனால் சுவரில் தொல்லை இல்லை. ஆனால் கதவின் சட்டம் உள்ளிருந்து வெளிவரை ஒரே உலோகம். குளிர்காலத்தில் அது மட்டும் குளித்துவிட்டு நிற்கும். ரப்பர் பட்டை ஒட்டிய பிறகு பரவாயில்லை.

பழைய ஏசி ஷெல்டரோடு வந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று விட்டுவைத்தேன், பார்த்திருக்க வேண்டும். இரவு பகலாகச் சூட்டைக் கக்கும் கருவிகளுக்காக வைத்த மெஷின் அது. தூங்குகிற ஒரு ஆள் விடுகிற சூடு 70, 80 வாட்தான். அதனால் நீங்கள் சொன்ன அதே பிசுபிசுப்பு, கூடவே காது கிழியும் சத்தம். கழற்றிவிட்டேன். இந்த ஷெல்டர்கள் காற்றுப் புகாமல் மூடுபவை, காலையில் தலை கனக்கும். ஏசி இருந்த ஓட்டையில் ஒரு வென்ட், எதிர்ச் சுவரில் தாழ்வாக இன்னொன்று வைத்தபின் அது போனது.

———

என் இடத்தில் கரன்ட் கிடையாது. சோலாரும் பேட்டரியும்தான். அதனால் வேன்களில் வைக்கும் 2 கிலோவாட் டீசல் ஹீட்டர். எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே விடும், அறைக்குள் வருவது உலர்ந்த சூடு மட்டும். ஸ்டார்ட் ஆகும்போது டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தால் சரியாகக் குளிர் அதிகமான அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணும். எப்போதும் குறைந்த வேகத்தில் வைத்தால் கரி படியும், அவ்வப்போது முழு வேகத்தில் ஓட்டுகிறேன். ஒருமுறை புகைக்குழாயின் கிளாம்ப் தளர்ந்து கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியது. எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அலாரம் இல்லாமல் இதை மாட்டவே மாட்டாதீர்கள்.

கோடைக்குக் கூரைக்கு மேல் இன்னொரு தகரக் கூரை, நடுவே ஒரு அடி இடைவெளி. அதற்குக் கரன்ட் வேண்டாம், ரிப்பேர் இல்லை. ஏர் கூலரும் உண்டு, காற்று வறண்டிருக்கும் நாளில் மட்டும், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து. மூடி வைத்து ஓட்டினால் வெந்நீர் அறை.

———

அண்ணா, ஒரு சந்தேகம். ஏசியின் வெளி யூனிட்டைக் கன்டெய்னர் சுவரிலேயே மாட்டலாமா? இடம் கொஞ்சம் மிச்சமாகும்.

———

வேண்டாம் தம்பி. நான் மாட்டினேன். சுவர்த் தகடு இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் தவிலுக்குள் படுத்திருப்பது போல இருக்கும். இப்போது தரையில் தனி ஸ்டாண்டு, அடியில் ரப்பர். குழாய்க்கு ஓட்டை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். வெட்டிய விளிம்பில் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், ஓட்டையைச் சுற்றி இன்னும் துரு சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.