மொரிஸ் மைனர் பிக்கப்புக்கு முன்னால் டிஸ்க் பிரேக் போடலாமா?

வெலிமடைக்காரன்
அண்ணன்மாரே, வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் நிற்கிறது. 1098 சி.சி. எஞ்சின், தேயிலைத் தொழிற்சாலை டீ மேக்கர் ஒருவர் பென்ஷனில் போகும்போது அப்பா அவரிடம் வாங்கியது. கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவோம், வரும்போது உரமூட்டை, விதைக்கிழங்கு என்று ஏதாவது இருக்கும். ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஹக்கல தாண்டி கெப்பட்டிபொல பக்கம் இறங்கும்போதுதான் பிரேக் மிதி வரவர ஆழமாகப் போகிறது, கருகல் வாடை வேறு. கீழே வந்து ஒரு டீ குடித்துவிட்டு எடுத்தால் எல்லாம் பழையபடி சரி. கராஜில் கேட்டால், ஜப்பான் வேனில் கழற்றிய பூஸ்டர் ஒன்று இருக்கிறது, போட்டால் போதும் என்கிறார்கள். மச்சான் முன்னால் டிஸ்க் போடச் சொல்கிறான். இரண்டுக்கும் ஒரேயடியாகச் செலவு செய்ய வசதி இல்லை, எதை முதலில் செய்வது?

பழைய இரும்பு
தம்பி, பூஸ்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். அது உங்கள் காலின் வேலையைக் குறைக்கும், அவ்வளவுதான். உங்களுக்குப் பிரச்சினை சூடு, சூட்டை அது ஒன்றும் செய்யாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சாமானோடு 1200 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் மூன்றரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு எங்காவது போயாக வேண்டும். ஹக்கலவில் இருந்து வெலிமடைக்கு எத்தனை நூறு மீட்டர் இறக்கம் என்று உங்களுக்கே தெரியும். எஞ்சின் பிடிக்காத மிச்சம் முழுக்க அந்த நாலு டிரம்முக்குள்தான் போகிறது.

மிதி ஆழமாகப் போகிறது என்று மட்டும் சொல்கிறீர்கள், அது எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். இரண்டாம் தரம் மிதித்தவுடன் மேலே வந்து கெட்டியாக நின்றால், டிரம் சூட்டில் விரிந்து, உள்ளே உரசி நிறுத்துகிற ஷூவை விட்டு விலகியிருக்கிறது, அல்லது முதலில் இருந்தே அட்ஜஸ்ட் சரியில்லை. மிதி கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் ஷூவில் ஒட்டியிருக்கிற லைனர் சூட்டில் பிடியை விட்டுவிட்டது. ஸ்பொஞ்சை மிதிப்பதுபோல் இருந்தால் பிரேக் ஒயில் கொதித்து உள்ளே ஆவி கட்டியிருக்கிறது, அதுதான் ஆளைக் கொல்வது. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஆனால் ஈரம் குடித்தபின் அதே ஒயிலுக்கு 140 வரை இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. நம் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் வருடம் ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கொத்மலை டிரைவர்
அண்ணன் சொல்வது சரி, ஆனால் டிஸ்க்கை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். என் மைனரில் முன்னால் டிஸ்க்தான், ரம்பொடை இறக்கத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். டிஸ்க் திறந்த காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும், சூட்டில் விரிந்தாலும் மிதி ஆழமாகப் போகாது. மொரிஸ் மரீனாவின் முன் டிஸ்க்கைக் கொஞ்ச வேலையோடு இதில் ஏற்றலாம், இரண்டுக்கும் முன் சஸ்பென்ஷன் ஒரே வழியில் வந்தது. மரீனா சாமான் இங்கே கிடைப்பது கஷ்டம், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டும், இல்லாவிட்டால் இங்கிலாந்தில் இருந்து கிட் எடுக்கலாம், விலை கேட்டால் தலை சுற்றும்.

போடுகிறவர்கள் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. மைனரில் மிதியை மிதித்தால் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் டிரம்முக்காக ஒரு சின்ன வால்வு உண்டு, லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் டிஸ்க்கைப் பிடிக்கிற பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும், பிறகு டிஸ்க்கும் சூடு, பெட்ரோலும் நட்டம். எடுத்துவிட்டால் வேறு கதை. மாஸ்டர் கீழே தரைக்கடியில் இருப்பதால் பேட்டை அழுத்துகிற காலிப்பரின் ஒயில் திரும்பி வடியப் பார்க்கும். அதனால் முன் லைனுக்கு 2 பி.எஸ்.ஐ. அழுத்தம் பிடிக்கிற வால்வு, பின் டிரம் லைனுக்கு 10 பி.எஸ்.ஐ. வால்வு என்று தனித்தனியாகப் போட வேண்டும். 13 அங்குல சில்லு மாற்றியிருந்தால் காலிப்பர் உள்ளே இடிக்கிறதா என்றும் வாங்குமுன் பாருங்கள்.

பழைய இரும்பு
கொத்மலைத் தம்பி, டிஸ்க் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டியில் நாலு சில்லுக்கும் ஒரே ஒரு லைன். எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நாலும் போச்சு, மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக், அதுவும் பின் சில்லை மட்டும் பிடிப்பது. டிஸ்க் போட்டாலும் அந்த ஒற்றை லைன் அப்படியேதான் இருக்கும். என்னைக் கேட்டால் காசு சேர்ந்ததும் முதலில் இரண்டு தனி லைனுக்கு ஒயில் தள்ளுகிற டேண்டம் மாஸ்டர் போட்டு முன்னையும் பின்னையும் பிரித்துவிட வேண்டும், டிஸ்க் அதற்குப் பிறகு. பிக்ஸுக்கு லைக் வாங்குவதற்கு டிஸ்க் போடுகிறவர்கள் நிறைய, லைனைப் பிரித்தவர்கள் கொஞ்சம்.

வெலிமடைக்காரன்
இன்றைக்கு இறங்கும்போது பார்த்தேன், இரண்டாம் மிதியில் கெட்டியாக மேலே வருகிறது. ஒயில் எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கே ஞாபகம் இல்லை. மாஸ்டர் மூடியைத் தேடி டிரைவர் பக்கத்துத் தரை விரிப்பைத் தூக்கினால் ஒரு பிடி மண் கிடக்கிறது. ஒயில் கறுத்த டீ நிறம்.

பழைய இரும்பு
அந்த மண்ணை முதலில் துடைத்து, வாக்கியூமால் இழுத்து எடுத்துவிட்டு அப்புறம் மூடியைத் திறங்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தால் சீல் கிழியும். கழுவுவதற்கு பெட்ரோலோ மண்ணெண்ணெயோ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பழைய ஒயில் முழுவதையும் தள்ளிவிட்டு டொட் 4 போட்டுக் காற்று எடுங்கள், டொட் 5 என்று சிலிக்கோன் ஒன்று விற்பார்கள், இதோடு கலக்கக் கூடாது.

முன் டிரம்மில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வீல் சிலிண்டர், ஷூவுக்கும் தனித்தனியாக இரண்டு அட்ஜஸ்டர். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் திருகிவிட்டு மூடுகிற கராஜ்கள் உண்டு, அப்படி இருந்தாலே மிதி இறங்கும். டிரம்மை லேத்தில் கடைந்து கடைந்து மெலிந்துவிட்டதா என்றும் பாருங்கள், மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகி அதிகம் விரியும். ஷூத் தூசியைக் காற்று அடித்து ஊத வேண்டாம், பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடையுங்கள். மாஸ்டரைக் கழற்ற வேண்டி வந்தால் பொறுமை வேண்டும், போல்ட்டை உருவ விடாமல் முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக இருக்கிற டோர்ஷன் பார் கம்பி குறுக்கே நிற்கும். பைப் மாற்றினால் ஃபிரிஜ் செம்புப் பைப்பைக் கொண்டு வந்து வளைத்துத் தருகிறவனிடம் மட்டும் போகாதீர்கள்.

அப்புத்தளை மூர்த்தம்
யாரும் கேட்காததை நான் கேட்கிறேன், எந்தக் கியரில் இறங்குகிறீர்கள்? 2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற பிறகு நம் ஆட்களுக்கு நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. எஞ்சினையும் நிறுத்திவிட்டு உருட்டுகிறவர்கள்கூட உண்டு, பூஸ்டர் இருந்தால் அதற்கும் வாக்கியூம் தீர்ந்துபோகும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், மேலே இருக்கும்போதே மாற்றுங்கள், மைனரில் முதல் கியருக்கு, ஓடும்போது கியர் விழ உதவுகிற சிங்க்ரோ இல்லை, ஓடும்போது இறங்கி வா என்றால் வராது. சுமையும் பாருங்கள், அந்த பிக்கப்புக்குக் கம்பெனி சொன்னது 6 அந்தர், பின்னால் வந்ததுக்கு 8 அந்தர், அதாவது 300 முதல் 400 கிலோ. உரமூட்டை 50 கிலோ என்றால் எத்தனை ஏற்றுகிறீர்கள்?

வெலிமடைக்காரன்
பன்னிரண்டு. அப்பா முன்னால் வாசிக்கக்கூடாத பதில் இது. நாளையில் இருந்து எட்டு, மிச்சம் அடுத்த நடையில். இந்த வாரம் ஒயில், அட்ஜஸ்ட், ஹோஸ் மூன்றையும் முடிக்கிறேன். கராஜ்காரரின் பூஸ்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் அரை மனதாகத்தான் கேட்டுக்கொண்டார். டேண்டம் மாஸ்டர் எந்த வண்டியினுடையது பொருந்தும்?

கொத்மலை டிரைவர்
வண்டிப் பெயரை மட்டும் வைத்து வாங்காதீர்கள். சிலிண்டர் துளை பெரிதானால் மிதி குறைவாக இறங்கும், ஆனால் கால் கனக்கும். சிறிதானால் லேசாக இருக்கும், ஆழமாகப் போகும். இப்போதைய துளையை அளந்துகொண்டு, பிக்கப்பையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், என் வண்டியில் போட்டதைக் காட்டுகிறேன். ரம்பொடைப் பக்கம் வருகிறீர்களானால் மூட்டை இல்லாமல் வாருங்கள்.