பைட்டு பைட்டா பாத்தா: நம்ம குடும்ப குரூப்புல இசக்கி கேட்டது

இசக்கி: அண்ணே, சி புரோகிராம்ல, நாலு பைட்டு முழு எண்ணான இன்ட்ல ஹெக்ஸ் (16 அடிமானம்) 12345680 வச்சி, ஒவ்வொரு பைட்டு முகவரியா காட்டுற கேரக்டர் பாயிண்டரால நாலு பைட்டையும் பிரிண்ட் பண்ணுதேன். முதல்ல 80 வருது, அதுக்கு முன்னால ஆறு எஃப் ஒட்டிக்கிட்டு நிக்கு. பெறகு 56, 34, 12. கம்பைலர் கோளாறா?

முத்து அண்ணன்: இல்லல, கம்பைலர் சரியாத்தான் இருக்கு. வரிசை வேற, எஃப் வேற. இன்டெல் சிப்பு லிட்டில் எண்டியன், அதாவது சின்ன மதிப்புள்ள பைட்ட முதல்ல வைக்கும். இன்ட்டோட முகவரி 1000ன்னா 1000ல 80, 1001ல 56, 1002ல 34, 1003ல 12.

செல்வி மைனி: எஃப் வாரது சைனால தம்பி. பிசில ஜிசிசி கம்பைலருக்கு வெறும் கேரக்டர் சைன்டு, மைனஸ் மதிப்பும் எடுக்கும். 80ல மேல் பிட்டு 1, அதனால அது மைனஸ் 128. பிரிண்ட்எஃப்புக்குப் போகையில இன்ட்டா விரியும், முன்னால உள்ள 24 பிட்டும் 1 ஆயிரும். அன்சைன்டு கேரக்டர்னு மாத்துங்க. பிரிண்ட்எஃப்புல %02எக்ஸ் (ரெண்டு ஹெக்ஸ் இலக்கம்) போடுங்க, இல்லன்னா 05 வெறும் 5ன்னு வரும்.

செல்வி மைனி: இதே கோடு ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டரோட லினக்ஸ்ல எஃப் காட்டாது. அங்க வெறும் கேரக்டரே அன்சைன்டு. அங்க ஓடுதுன்னு நம்பிராதீங்க.

இசக்கி: சரி மைனி. பாயிண்டர்ல ஒண்ணு கூட்டுனா ஒரு பைட்டுதான நவுரும்?

முத்து அண்ணன்: கேரக்டர்னா 1. இன்ட்னா 4, டபுள்னா 8.

இசக்கி: அப்ப ராதாபுரம் காத்தாலை மீட்டர்ல மோட்பஸ் (மீட்டரோட பேசுற முறை) பதில் வருதுல்லா, அத பஃப்பர்ங்கிற கேரக்டர் அரேல வாங்குதேன். ஸ்லேவ் நம்பர், ஃபங்ஷன், பைட் கவுண்ட் போக டேட்டா பஃப்பர்[3]ல தொடங்குது. அந்த முகவரிய இன்ட் பாயிண்டரா காஸ்ட் பண்ணி (டைப்ப மாத்தி) எடுத்துரவா?

செல்வி மைனி: வேண்டவே வேண்டாம். பஃப்பர் 4ஆல வகுபடுற முகவரில இருந்தா, 3ஆவது இடம் வகுபடாது. பிசி பொறுத்துக்கிடும், கார்டெக்ஸ் எம்0ங்கிற சின்ன சிப்பு உள்ள போர்டு ஹார்ட் ஃபால்ட்டுன்னு பிழை வந்து நின்னுரும். அதோட கேரக்டர் பாயிண்டரால எந்த டைப்பையும் பாக்கலாம். கேரக்டர் அரேய இன்ட் பாயிண்டரால பாக்க சி அனுமதிக்காது. ஓ2ல (வேகமா ஓட வைக்குற ஆப்ஷன்) கம்பைல் பண்ணா தப்பான மதிப்பு வரலாம்.

இசக்கி: அப்ப மெம்காப்பியால பைட்ட அப்படியே இன்ட்டுக்கு நகல் பண்ணட்டா?

முத்து அண்ணன்: அலைன்மென்ட் (முகவரி 4ஆல வகுபடுற பிரச்சனை) சரியாகும், பைட்டு வரிசை சரியாகாது. மோட்பஸ் ரெஜிஸ்டர்ல (ரெண்டு பைட்டு மதிப்பு) பெரிய பைட்டு முதல்ல வரும். ஷிஃப்ட் பண்ணி, அதாவது பிட்டுகள தள்ளி, சேத்துரு, ரெண்டும் தீந்துரும். [3]ஐ 24, [4]ஐ 16, [5]ஐ 8 இடம் இடப்பக்கம் தள்ளி, [6]ஓட ஆர் (பிட்டுகள ஒண்ணா சேக்குற | குறி) போடு. தள்ளுறதுக்கு முந்தி ஒவ்வொண்ணையும் அன்சைன்டு 32 பிட்டா காஸ்ட் பண்ணிரு. இல்லன்னா 80ஐ 24 தள்ளும்போது சைன் பிட்டுல போயி இடிக்கும்.

செல்வி மைனி: ரெண்டு ரெஜிஸ்டர்ல எது முதல்லங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும். மீட்டர் டிஸ்ப்ளேல உள்ள யூனிட்டோட ஒத்துப் பாருங்க. பொருந்தலன்னா [3][4]ஐயும் [5][6]ஐயும் இடம் மாத்துங்க.